முதல் ஆண்டின் 14,000 படங்கள்: எதை வைப்பது, எங்கே வைப்பது

குழந்தை பிறந்த வீட்டில் ஒரு நாளைக்கு 40 படம் என்பது பெரிய எண்ணிக்கையே இல்லை. குளிப்பாட்டும்போது எட்டு, தொட்டிலில் தூங்கும்போது ஆறு, தாத்தா மடியில் பத்து, கொட்டாவி விடும்போது ஐந்து என்று தானாகச் சேர்ந்துவிடும். ஆண்டு முடிவில் அது 14,600 ஆகியிருக்கும். படத்துக்கு 2.5 எம்பி என்று வைத்துக்கொண்டால் 36 ஜிபி சொச்சம். தினமும் இரண்டு நிமிடம் காணொளியும் எடுத்தால் கணக்கு எங்கோ போய்விடும். ஐஃபோனில் 4கே, நொடிக்கு 30 ஃபிரேம் என்று வைத்து எடுத்தால் ஒரு நிமிடத்துக்கு ஏறக்குறைய 170 எம்பி. ஆண்டுக்கு 124 ஜிபி.

ஆக, இடத்தைத் தின்பது காணொளி. படங்களால் வரும் தொல்லை வேறு மாதிரி: பிள்ளை முதன்முதலில் குப்புறக் கவிழ்ந்த அந்த ஒரு படத்தைத் தேடினால், அதைப் போலவே இருக்கும் முப்பது படங்களுக்கு நடுவில் அது காணாமல் போயிருக்கும். இரண்டுக்கும் ஒரே மருந்து கிடையாது.

செய்யும் வரிசைதான் இதில் முக்கியம். முதலில் இருப்பதைக் காப்பாற்ற வேண்டும், பிறகு படங்களின் வரத்தைக் குறைக்க வேண்டும், கடைசியில்தான் கழிக்க வேண்டும். பலரும் தலைகீழாகச் செய்கிறார்கள். 'இடம் போதவில்லை' என்று கைப்பேசி சொன்னதும், இரவு 2 மணிக்குப் பால் கொடுத்துக்கொண்டே ஒரு கையால் அழிக்கத் தொடங்குகிறார்கள். தூக்கக் கலக்கத்தில் போன படம் திரும்பி வருவதில்லை.

அழிப்பதற்கு முன் இரண்டு பிரதிகள்

ஐகிளவுட் ஃபோட்டோஸ் இருக்கிறதே, அதுதான் காப்புப் பிரதி என்று நினைக்க வேண்டாம். அது எல்லாச் சாதனங்களையும் ஒரே நிலையில் வைத்திருக்கும் சேவை. கைப்பேசியில் ஒரு படத்தை அழித்தால் ஐபேட், கணினி, ஐகிளவுட் எல்லா இடத்திலிருந்தும் அது போகும். 'ரீசன்ட்லி டெலிட்டட்' பகுதியில் 30 நாள் காத்திருக்கும், அவ்வளவுதான். கூகல் ஃபோட்டோஸில் ஏற்கெனவே பதிவேறிய படம் குப்பைத்தொட்டியில் 60 நாள் இருக்கும். பதிவேறாத படத்துக்கு 30 நாள்தான்.

கூகல் ஃபோட்டோஸ் வைத்திருப்பவர்கள் அடிக்கடி குழம்பும் இடம் ஒன்று உண்டு. 'ஃப்ரீ அப் ஸ்பேஸ்' என்பதை அழுத்தினால், பதிவேறிவிட்ட படங்களைக் கைப்பேசியிலிருந்து மட்டும் அது நீக்கும். கணக்கில் அவை பத்திரமாக இருக்கும். அதே செயலியில் படத்தைத் தேர்ந்தெடுத்துக் குப்பைத்தொட்டிக் குறியை அழுத்தினால் இரண்டு இடத்திலிருந்தும் போய்விடும். கைப்பேசியில் இடம் வேண்டும் என்பது மட்டுமே தேவையாக இருந்தால் முதலாவதுதான் சரி.

இலவச இடத்தை நம்பி முதல் ஆண்டைத் தாண்ட முடியாது. ஐகிளவுட் தருவது 5 ஜிபி. கூகல் தருவது 15 ஜிபி, அதுவும் ஜிமெயில், டிரைவ், ஃபோட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்து. 2021 ஜூன் 1ஆம் தேதிக்கு முன்பு கூகல் ஃபோட்டோஸில் சுருக்கிய படங்களுக்குக் கணக்கே இல்லை. இப்போது எல்லாமே கணக்கில் வரும். குடும்பத்துக்கு ஒரு கட்டணத் திட்டம் எடுத்துவிடுவது மனத்துக்கு நிம்மதி.

பாதுகாப்புக்குப் படக்கலைஞர்கள் நெடுநாளாகக் கடைப்பிடிக்கும் 3-2-1 முறையைவிட எளிமையான ஒன்று இல்லை: மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், அதில் ஒன்று வீட்டுக்கு வெளியே. நம் சிங்கப்பூர்க் குடும்பத்துக்கு அதை இப்படி அமைக்கலாம். முதல் பிரதி கைப்பேசியும் அதனுடன் இணைந்த கிளவுட் (இணையச் சேமிப்பு) கணக்கும். இரண்டாவது, வீட்டில் இருக்கும் 1 டிபி அல்லது 2 டிபி வெளிவட்டு, அதாவது கணினியில் இணைக்கும் தனிச் சேமிப்பு வட்டு. மூன்றாவது, இன்னொரு வெளிவட்டு. அது உங்கள் வீட்டில் இருக்கக் கூடாது. நீங்கள் பொங்கோலில் இருந்தால் உட்லண்ட்சில் உள்ள மாமியார் வீட்டு அலமாரியில் இருக்கட்டும். மேல்மாடியிலிருந்து நீர் கசிந்தாலும், கிளவுட் கணக்கு பூட்டிக்கொண்டாலும், இரண்டும் ஒரே நாளில் நடக்காது.

சிம் லிம் ஸ்குவேரிலோ ஃபூனானிலோ வட்டு வாங்கும்போது விலையைத் தாண்டி இரண்டு விஷயங்களைப் பாருங்கள். சுழலும் வட்டு மலிவு, ஆனால் ஓடிக்கொண்டிருக்கும்போது கீழே விழுந்தால் தீர்ந்தது; தவழும் பிள்ளை கேபிளைப் பிடித்து இழுக்கும் வீட்டில் இதை லேசாக எண்ண முடியாது. சுழலும் பாகமே இல்லாத எஸ்எஸ்டி வட்டு விழுந்தாலும் தாங்கும், ஆனால் மின்சாரமே படாமல் பல ஆண்டு அலமாரியில் கிடந்தால் பதிந்தது மங்க வாய்ப்புண்டு. ஆகவே வீட்டில் புழங்குவதற்கு எஸ்எஸ்டி, மாமியார் வீட்டுக்குச் சுழலும் வட்டு என்பது நல்ல ஏற்பாடு. வீட்டில் விண்டோஸ், மேக் இரண்டும் இருந்தால் வாங்கியவுடனே, எதையும் ஏற்றுவதற்கு முன்பே, இரண்டிலும் படிக்கவும் எழுதவும் முடிகிற எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மேட் செய்துகொள்ளுங்கள். விண்டோஸின் வழக்கமான என்டிஎஃப்எஸ் முறையில் இருக்கும் வட்டை மேக் படிக்கும், எழுதாது. இங்கே காற்றின் ஈரப்பதம் சர்வசாதாரணமாக 80 விழுக்காட்டைத் தாண்டும் என்பதால், இறுக்க மூடும் பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வட்டை வைப்பது நல்லது. கேமரா வைத்திருப்பவர்கள் லென்சில் பூஞ்சை பிடிக்காமல் இருக்க இதைத்தான் செய்கிறார்கள்.

நகல் எடுக்கும்போது பிசகும் இடங்கள் மூன்று.

ஐஃபோனில் 'ஆப்டிமைஸ் ஐஃபோன் ஸ்டோரேஜ்' இயங்கிக்கொண்டிருந்தால் முழு அளவுப் படங்கள் கைப்பேசியில் இருக்காது. கேபிள் வழியாக இழுத்தால் பாதிதான் வரும். அப்படிப்பட்டவர்கள் மேக்கின் ஃபோட்டோஸ் செயலியில் 'டவுன்லோட் ஒரிஜினல்ஸ்' போட்டு, எல்லாம் இறங்கி முடிந்த பிறகு, 'எக்ஸ்போர்ட் அன்மாடிஃபைட் ஒரிஜினல்ஸ்' வழியாக வட்டுக்கு அனுப்ப வேண்டும். விண்டோஸ் என்றால் ஆப்பிளின் ஐகிளவுட் செயலியைக் கணினியில் நிறுவி இறக்கலாம்.

இரண்டாவது, ஐஃபோன் அமைப்புகளில் ஃபோட்டோஸ் பகுதியின் அடியில் 'டிரான்ஸ்ஃபர் டு மேக் ஆர் பிசி' என்று ஒன்று இருக்கும். அது 'ஆட்டோமேட்டிக்' என்றிருந்தால் விண்டோஸுக்கு அனுப்பும்போது எச்இஐசி என்ற ஐஃபோன் பட வடிவக் கோப்புகளை ஜேபெக் ஆக மாற்ற முயலும். நகலெடுப்பு பாதியில் அறுந்து பிழைச் செய்தி வருவதற்கு இது ஒரு வழக்கமான காரணம். 'கீப் ஒரிஜினல்ஸ்' என்று மாற்றிவிட்டு மீண்டும் தொடங்குங்கள்.

மூன்றாவது, கூகலிலிருந்து, படங்களை மொத்தமாக இறக்கித் தரும் டேக்அவுட் சேவை வழியாக எடுப்பவர்களுக்கு. இறக்கும் இணைப்பு ஏறத்தாழ ஒரு வாரத்தில் காலாவதியாகும். ஒவ்வொரு படத்துடனும் ஜேசன் என்ற சிறு கோப்பும் வரும். அது குப்பை இல்லை: நீங்கள் கூகலில் எழுதிய விளக்கமும் திருத்திய தேதியும் அதற்குள்தான் இருக்கின்றன. அழிக்காதீர்கள்.

நகல் முடிந்ததும் இரு பக்கமும் கோப்பு எண்ணிக்கையை ஒப்பிடுங்கள். பிறகு வட்டிலிருந்து அங்கொன்றும் இங்கொன்றுமாக 20 கோப்புகளைத் திறந்து பாருங்கள், அதில் குறைந்தது ஐந்து காணொளியாக இருக்கட்டும். காணொளி கடைசி நொடிவரை ஓடுகிறதா என்று பார்ப்பது முக்கியம். அறுந்த கோப்பும் தொடக்கத்தில் ஒழுங்காகவே ஓடும்.

பாட்டி ஊருக்குப் போவதற்கு முன்

பிள்ளைத்தாய்ச்சிக்குத் துணையாகத் தமிழகத்திலிருந்து அம்மாவோ அத்தையோ வந்து தங்கும் வீடுகளில் ஒரு வேலையைத் தள்ளிப்போடவே கூடாது. குழந்தையைப் பெற்றவள் படத்தில் இருப்பது பெரும்பாலும் மற்றவர்கள் கைப்பேசியில்தான். அவள் கைப்பேசியில் குழந்தை மட்டும் இருக்கும். பாட்டியின் கைப்பேசியில் அவளும் குழந்தையும் சேர்ந்து இருப்பார்கள். பாட்டி விமானம் ஏறும் முன், அந்தக் கைப்பேசியைக் கேட்டு வாங்கிக் கேபிள் வழியாகவோ குவிக் ஷேர், ஏர்டிராப் வழியாகவோ படங்களை எடுத்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப் வேண்டாம். வழக்கமான தரத்தில் அனுப்பினால் படத்தின் நீளப்பக்கம் சுமார் 1,600 பிக்சலுக்குச் சுருங்கிவிடும். எடுத்த தேதி, நேரம், இடம் எல்லாம் கழன்றுபோகும். பாட்டி ஏற்கெனவே ஊருக்குப் போய்விட்டார் என்றால் வாட்ஸ்அப்பிலேயே 'டாக்குமென்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள். அப்போது கோப்பு மாறாமல் வரும்.

வீட்டுப் பணிப்பெண்ணின் கைப்பேசியிலும் நல்ல படங்கள் இருக்கும், பகல் முழுவதும் பிள்ளையோடு இருப்பவர் அவர்தானே. ஒப்பந்தம் முடிந்து கிளம்பும் நேரத்தில் கேட்காமல், மாதாமாதம் கேட்டு வாங்குங்கள். ஸ்டூடியோவில் எடுத்த படங்களுக்கு வரும் இறக்கும் இணைப்புக்கும் காலக்கெடு உண்டு. பாலர் பள்ளி செயலியில் ஆசிரியர்கள் போடும் படங்களையும் பள்ளி மாறுவதற்கு முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

வரத்தைக் குறைப்பது

வாட்ஸ்அப்பில் வரும் படங்கள் தானாகவே கேலரியில் சேர்வதை நிறுத்துங்கள். ஐஃபோனில் செட்டிங்ஸ், சாட்ஸ், 'சேவ் டு ஃபோட்டோஸ்'. ஆண்ட்ராய்டில் அதே இடத்தில் 'மீடியா விசிபிலிட்டி'. குடும்பக் குழுவுக்கு மட்டும் விட்டுவைத்து, காலை வணக்கம் சொல்லும் குழுக்களுக்கு அடைத்துவிடலாம். இதைச் செய்த மறுநாளே வித்தியாசம் தெரியும்.

காணொளியை 1080பி, 30 ஃபிரேமுக்கு இறக்குங்கள். ஒரு நிமிடம் 170 எம்பியிலிருந்து 60 எம்பிக்கு வரும். தவழ்வது, சோறு ஊட்டுவது, பேச்சு எல்லாவற்றுக்கும் அது தாராளம். பெயர் சூட்டு, மொட்டை, காதுகுத்து, முதல் பிறந்தநாள் ஆகிய நாள்களில் மட்டும் 4கேக்கு ஏற்றிக்கொள்ளலாம், ஆனால் மறுநாள் மறக்காமல் இறக்க வேண்டும்.

லைவ் ஃபோட்டோ பற்றி ஒரு வார்த்தை. படத்துக்கு முன்னும் பின்னும் 1.5 நொடி காணொளியைச் சேர்த்துப் பிடிப்பதால் இடம் கூடுதலாகப் போகும். கைக்குழந்தை விஷயத்தில் அதை அணைக்கச் சொல்ல மனம் வரவில்லை. அந்த மூன்று நொடியில் கேட்கும் மழலையும் சிணுங்கலும் பின்னால் எந்தப் படத்தையும்விட மேலானவை. வேண்டாதவற்றில் மட்டும் நீக்குங்கள். 'லைவ்' என்பதைத் தட்டி அணைப்பதால் இடம் மிச்சமாகாது, உள்ளே காணொளி அப்படியே இருக்கும். 'டூப்ளிகேட் ஆஸ் ஸ்டில் ஃபோட்டோ' கொடுத்து, அசலை அழிக்க வேண்டும்.

ஆவணங்களுக்குக் கேலரியில் இடமே இல்லை. 2022 மே 29 முதல் சிங்கப்பூரில் பிறப்புச் சான்றிதழ் மின்னிலக்க வடிவில்தான் தரப்படுகிறது. அதன் கோப்பை வட்டில் 'ஆவணம்' என்ற தனி உறையில் (ஃபோல்டரில்) போடுங்கள். தடுப்பூசிப் பதிவுகளை ஹெல்த்ஹப் செயலியில் பார்க்கலாம் என்பதால், பலதுறை மருந்தகத்துக்குப் போகும் ஒவ்வொரு முறையும் எடுக்கும் குழந்தையின் மருத்துவப் புத்தகப் படம் தேவையில்லை. வளர்ச்சி வரைபடப் பக்கத்தை மட்டும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுத்து வைத்தால் போதும். கடப்பிதழ் படம் 35க்கு 45 மில்லிமீட்டர், வெள்ளைப் பின்னணி, கடந்த மூன்று மாதத்துக்குள் எடுத்தது என்பது குடிநுழைவு, சோதனைச் சாவடிகள் ஆணையத்தின் விதி. அந்தப் படமும் விண்ணப்பம் முடிந்ததும் ஆவண உறைக்குப் போகட்டும்.

தோலில் தடிப்பு, மலத்தின் நிறம் என்று மருத்துவரிடம் காட்ட எடுத்தவற்றை, காட்டி முடித்ததும் அழித்துவிடுங்கள். குழந்தையின் உடையில்லாத உடற்பகுதி தெரியும் மருத்துவப் படத்தைக் கிளவுட் சேவையின் தானியங்கிச் சோதனை தவறாகப் புரிந்துகொண்டு, ஒரு தந்தையின் கணக்கே முடக்கப்பட்டது 2022இல் அமெரிக்காவில் செய்தியானது. இத்தகைய படம் எடுக்க வேண்டியிருந்தால் கிளவுட் பதிவேற்றத்தைச் சற்று நிறுத்திவிட்டு எடுங்கள்.

கழிக்கும் முறை

எதை அழிப்பது என்று தேடினால் கை வராது. இருபதில் எந்த இரண்டு வேண்டும் என்று தேடுங்கள். கீரை ஆய்வதுபோலத்தான்: நல்ல இலையைக் கிள்ளி எடுத்து முறத்தில் போட்டுவிட்டால் மிச்சம் தானாகக் கழிவாகிறது. இந்த ஒரு மாற்றத்தால் வேலை பாதி நேரத்தில் முடியும்.

பேறுகால விடுப்பின் 16 வாரத்தில் பெரிய சுத்திகரிப்பு எதையும் தொடங்க வேண்டாம். அந்த நாள்களில் செய்யக்கூடியது ஒன்றுதான்: அன்றைய படங்களில் பிடித்த மூன்றுக்கு இதயக்குறி. இரண்டு நிமிட வேலை. பின்னால் தேர்வு செய்யும்போது இந்தக் குறிகள்தான் கைகொடுக்கும். முதல் ஆறு வாரப் படங்களைக் குழந்தைக்கு ஒரு வயது ஆகும்வரை தொடவே வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து. ஒரே மாதிரி இருப்பதாக இப்போது தோன்றும் ஐந்து படங்களில் ஒன்றில்தான் அந்த நெற்றி மடிப்போ காது ரோமமோ தெரியும். அது மறைந்த பிறகுதான் அதன் அருமை தெரியும்.

விடுப்பு முடிந்த பிறகு மாதத்துக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். முந்தைய மாதத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கைப்பேசித் திரையைவிடக் கணினியோ டேப்லெட்டோ நல்லது, கண்கள் கூர்மையாக விழுந்திருக்கிறதா என்பது பெரிய திரையில்தான் தெரியும். பின்னோக்கிப் பழைய மாதங்களைச் செய்வதானால் அண்மை மாதத்திலிருந்து தொடங்குங்கள், நினைவு பசுமையாக இருக்கும்.

முதல் சுற்றில் படமே அல்லாதவை: திரைப்பிடிப்பு, ரசீது, பால்மாவு டப்பாவின் பின்பக்கம், கார் நிறுத்திய இடம். 'ஸ்கிரீன்ஷாட்ஸ்' என்று தேடினால் மொத்தமாக வரும். யோசிக்கவே வேண்டியதில்லை, ஐந்து நிமிடத்தில் நூறு போய்விடும்.

அடுத்தது காணொளி. நீளமானவற்றிலிருந்து தொடங்குங்கள். நான்கு நிமிடக் காணொளியில் பிள்ளை கை தட்டுவது 20 நொடிதான் இருக்கும். அதை வெட்டி எடுங்கள். ஐஃபோனில் வெட்டியபின் 'சேவ் வீடியோ' கொடுத்தால் அசல் உள்ளேயே ஒளிந்திருக்கும், இடம் குறையாது. 'சேவ் வீடியோ ஆஸ் நியூ கிளிப்' கொடுத்துப் புதியதை ஓட்டிப் பார்த்துவிட்டு, பழையதை அழிக்க வேண்டும். பேச்சுக்குரல் உள்ள பகுதியை வெட்டும்போது முன்னும் பின்னும் இரண்டு நொடி கூடுதலாக விடுங்கள்.

மூன்றாவது சுற்றுதான் உண்மையான வேலை: ஒரே தருணத்தில் எடுத்த கொத்துக்கள். ஒவ்வொரு கொத்திலும் ஓர் அண்மைப்படம், ஓர் அகலப்படம் என்று இரண்டு போதும். அண்மைப்படத்தில் கண்ணைப் பெரிதாக்கிப் பாருங்கள். மூக்கு கூர்மையாகவும் கண் மங்கலாகவும் இருப்பது கைக்குழந்தைப் படங்களில் அடிக்கடி நடக்கும். அகலப்படத்தில் வேறு யார் இருக்கிறார்கள், வீடு எவ்வளவு தெரிகிறது என்று பாருங்கள். இரண்டு படங்களுக்கு நடுவே முடிவெடுக்க ஐந்து நொடிக்கு மேல் ஆனால் இரண்டையும் வைத்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். அந்தத் தயக்கத்தில்தான் பலருடைய ஒரு மணி நேரம் கரைகிறது.

ஐஃபோனில் ஐஓஎஸ் 16 முதல் 'டூப்ளிகேட்ஸ்' என்ற தொகுப்பு உண்டு. 'மெர்ஜ்' கொடுத்தால் தரமான பிரதியை வைத்துக்கொண்டு மற்றதை நீக்கும். ஆனால் அது பிடிப்பது ஒரே படத்தின் நகல்களை. அடுத்தடுத்து எடுத்த பத்துச் சிரிப்புகள் அதன் கண்ணில் பத்து வேறு படங்கள். கொத்துக்களைக் கழிக்க உங்கள் கண்தான் வேண்டும். இதற்கென்று மாதக் கட்டணம் கேட்கும் துப்புரவுச் செயலிகள் பல உள்ளன. பிள்ளையின் எல்லாப் படங்களையும் பார்க்கும் அனுமதியை முன்பின் தெரியாத செயலிக்குக் கொடுக்கும் அளவுக்கு அவற்றால் பயன் இல்லை.

கடைசியாக, எஞ்சியவற்றில் மாதத்துக்கு 30க்கு மட்டும் இதயக்குறி இருக்கட்டும். 1,200 எடுத்த மாதத்தில் 100 முதல் 150 எஞ்சினால் நன்றாகக் கழித்திருக்கிறீர்கள். முதல் இரண்டு மாதம் 400 எஞ்சினாலும் பரவாயில்லை. பழகப் பழகக் குறையும்.

அழித்தவற்றைக் குப்பைத்தொட்டியிலிருந்தும் உடனே காலி செய்யாதீர்கள். அந்த 30 நாளும் உங்களுக்கான அவகாசம். கைப்பேசி அடியோடு நிரம்பி, படமே எடுக்க முடியாத நிலை வந்தால் காணொளிகளை மட்டும் முதலில் காலி செய்யுங்கள்.

ஒரு சிறு உதவிக்குறிப்பு: மங்கல் படங்கள் ஏன் இவ்வளவு என்று பார்த்தால், வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் மாலை நேர மஞ்சள் விளக்கில் கைப்பேசி ஷட்டரை மெதுவாக்குகிறது, பிள்ளையோ காலை உதைத்துக்கொண்டே இருக்கிறது. பகலில் சன்னலோரம், வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி எடுத்தால் கழிக்க வேண்டியதே பாதியாகும்.

கழிக்கக் கூடாதவை

மங்கலாக இருந்தாலும் கொள்ளுப்பாட்டி பிள்ளையைத் தூக்கிய ஒரே படம். தூங்காத கண்ணும் கலைந்த தலையுமாக அம்மா இருக்கும் படங்கள். அவற்றை அழிக்கும் உரிமையை அம்மாவுக்குக்கூட முதல் ஆண்டில் கொடுக்கக் கூடாது. பாட்டி பாடும் தாலாட்டு, இருட்டில் எடுத்ததாக இருந்தாலும். கூரைக் கொக்கியில் தொங்கும் புடவைத் தொட்டில், அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளம், தாழ்வாரத்தில் நிற்கும் தள்ளுவண்டி, தேக்கா ஈரச்சந்தையில் தாத்தா தோளில் பிள்ளை. பிள்ளை சரியாகத் தெரியாததால் இவைதான் முதலில் அழிபடுகின்றன. வீடு மாறிய பிறகு, புளோக் இடிபட்ட பிறகு தேடுவதும் இவற்றைத்தான்.

குறைமாதத்தில் பிறந்து தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த குழந்தைகளின் படங்களைப் பார்க்கவே முடியாத பெற்றோர் உண்டு. அழிக்க வேண்டாம், கண்ணில் படாமல் வைக்கலாம். ஐஃபோனில் 'ஹிடன்' தொகுப்பு முகமோ விரல்ரேகையோ காட்டினால், அல்லது கைப்பேசியின் மறைச்சொல்லைக் கொடுத்தால்தான் திறக்கும். கூகலின் 'லாக்டு ஃபோல்டர்' பயன்படுத்துவதானால் எச்சரிக்கை: அதற்கெனத் தனியாகக் காப்புப் பிரதியை இயக்காவிட்டால் உள்ளே இருப்பவை அந்தக் கைப்பேசியில் மட்டுமே இருக்கும். கைப்பேசி போனால் அவையும் போயின. முதலில் வட்டில் நகல் எடுத்துவிட்டுத்தான் அதற்குள் வைக்க வேண்டும்.

தேதியும் குறிப்பும்

வட்டில் உறைகளுக்கு '2025-03' என்று ஆண்டு, மாத வரிசையில் பெயரிடுங்கள். அப்போதுதான் கணினி தானாகக் காலவரிசையில் அடுக்கும். 'பாப்பா படங்கள் புதியது' என்ற பெயரில் மூன்று உறைகள் இருக்கும் வட்டில் எதையும் கண்டுபிடிக்க முடியாது. நிகழ்ச்சிகளுக்கு மட்டும் '2025-03-16 பெயர் சூட்டு' என்று தனி உறை.

தனி கேமரா வைத்திருப்பவர்கள் ஊருக்குப் போகும்போது அதன் கடிகாரத்தைக் கவனிக்க வேண்டும். கைப்பேசி தானாக இந்திய நேரத்துக்கு மாறும், கேமரா சிங்கப்பூர் நேரத்திலேயே நிற்கும். இரண்டரை மணி நேர வித்தியாசத்தில் காதுகுத்துப் படமும் மதியச் சாப்பாட்டுப் படமும் கலந்து அடுக்கும். ஏற்கெனவே கலந்துவிட்டால், கூகல் ஃபோட்டோஸின் இணையப் பக்கத்தில் கேமரா படங்களை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து, தேதி, நேரத் திருத்தத்தில் எல்லாவற்றையும் ஒரே அளவு நகர்த்தலாம். வாட்ஸ்அப் வழியாக வந்த பழைய படங்களுக்கு எடுத்த தேதி இருக்காது. ஆண்ட்ராய்டில் கோப்பின் பெயரிலேயே எட்டு இலக்கமாக ஒரு தேதி இருக்கும். ஆனால் அது வந்துசேர்ந்த நாள், எடுத்த நாள் அல்ல.

முகங்களை அடையாளம் காணும் வசதியை நம்பலாம், அவ்வப்போது திருத்தினால். கைக்குழந்தையின் முகம் மூன்று மாதத்தில் மாறிவிடுவதால் ஒரே பிள்ளையை இரண்டு ஆளாகப் பிரிக்கும். அண்ணன், தம்பியின் குழந்தைப்பருவப் படங்களை ஒரே ஆளாகச் சேர்க்கும். மாதாந்திர ஒரு மணி நேரத்தில் ஐந்து நிமிடம் இதற்கு.

ஒவ்வொரு மாத உறையிலும் 'குறிப்பு' என்று ஒரு சாதாரண உரைக்கோப்பு வையுங்கள், ஐந்தாறு வரி போதும்: 'கோடிட்ட சட்டை போட்டவர் அப்பாவின் சித்தப்பா, ஈப்போவிலிருந்து வந்தார். 12ஆம் தேதி முதல் பல்.' செயலிக்குள் எழுதும் விளக்கம் வேறு சேவைக்கு மாறும்போது உடன் வருமா என்பது உறுதியில்லை. உரைக்கோப்பை எந்தக் கணினியும் எந்தக் காலத்திலும் திறக்கும்.

பகிர்வது

ஊரில் இருக்கும் பாட்டிக்கு ஒரு பகிர்வுத் தொகுப்பு அமைத்து வாரத்துக்கு ஐந்து படம் சேர்த்தால் அவர் கைப்பேசியும் நிரம்பாது, உங்களுக்கும் தேர்வுப் பழக்கம் வரும். கணவன், மனைவி இருவரும் ஐஃபோன் என்றால் ஐகிளவுட் பகிர்வு நூலகம் சிறந்தது. ஆறு பேர்வரை சேரலாம். இடம் தொடங்கியவர் கணக்கில் மட்டும் போகும். ஒருவர் கழித்தால் இருவருக்கும் கழிந்ததாகும் என்பதால், யார் கழிப்பது என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

கைப்பேசிப் படத்துக்குள் எடுத்த இடம் துல்லியமாகப் பதிந்திருக்கும். ஐஃபோனில் பகிரும்போது 'ஆப்ஷன்ஸ்' சென்று 'லொகேஷன்' அணையுங்கள். புளோக் எண், பள்ளிச் சீருடை, பெயர்ப் பட்டை தெரிகிறதா என்று ஒரு பார்வை. பிறப்புச் சான்றிதழ் படத்தை எந்தக் குழுவிலும் போடாதீர்கள். அதில் உள்ள எண்தான் பிள்ளையின் அடையாள அட்டை எண்ணாக வாழ்நாள் முழுவதும் தொடரும்.

ஆண்டுக்கு ஒருமுறை

இதயக்குறி பெற்ற 360 படங்களிலிருந்து 60ஐ எடுத்து அச்சிடுங்கள். 4ஆர் அளவு, அதாவது 4க்கு 6 அங்குலம், தெளிவாக வர 1,200க்கு 1,800 பிக்சல் வேண்டும். 8ஆர் அளவுக்கு 2,400க்கு 3,000. கைப்பேசிப் படம் 4:3 விகிதத்திலும் 4ஆர் தாள் 3:2 விகிதத்திலும் இருப்பதால், அகலவாக்கில் எடுத்த படத்தைக் கடை இயந்திரம் மேலும் கீழும் வெட்டும். பிள்ளையைத் தலைக்குமேல் தூக்கிய படத்தில் உச்சந்தலை போவது இதனால்தான். நீங்களே முன்னதாக 3:2க்கு வெட்டிக் கொடுங்கள், அல்லது வெள்ளை ஓரம் விட்டு முழுப்படமும் வரும்படி கேளுங்கள்.

பிறந்தநாளை ஒட்டி இரண்டு வட்டுகளையும் இணைத்து, புதிய மாதங்களை ஏற்றி, மறுபடி 20 கோப்புகளைத் திறந்து பார்த்து, சரிபார்த்த தேதியை ஒட்டுத்தாளில் எழுதி வட்டின்மேல் ஒட்டுங்கள். ஐந்து ஆண்டு ஓடிய வட்டை, நன்றாக இருந்தாலும், மாற்றிவிடுங்கள்.

கணக்கும் மறைச்சொல்லும் ஒருவருக்கு மட்டும் தெரிந்திருக்கும் வீடுகளில் அன்றே இன்னொன்றையும் முடிக்கலாம். கணக்கு வைத்திருப்பவர் இறந்துவிட்டாலோ நெடுநாள் கணக்கைத் திறக்காமல் போனாலோ இன்னொருவர் படங்களைப் பெறுவதற்கு, ஆப்பிளில் 'லெகஸி கான்டாக்ட்', கூகலில் 'இன்ஆக்டிவ் அக்கவுன்ட் மேனேஜர்' என்று உண்டு. கணவன், மனைவி இருவரும் ஒருவர் பெயரை மற்றவர் அதில் சேர்த்துவிடுங்கள். கூகல் கணக்கு இரண்டு ஆண்டு திறக்கப்படாமல் கிடந்தால், உள்ளிருக்கும் படங்களோடு அழிக்கப்படலாம். பழைய ஜிமெயில் கணக்கில் படங்கள் ஏதும் ஏறியிருந்தால், அதையும் அன்று ஒருமுறை திறந்து உள்ளே போய் வாருங்கள்.